சௌவின் கெல்ட்டியரின் ஆண்டுப்பிறப்பா?
பருவ விழாக்களின் தோற்றம் பற்றிய கருதுகோள்கள்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

பண்பாட்டு வரலாறு கூறும் நூல்களிலும் பொதுக் கலைக்களஞ்சியங்களிலும் ஒரு கூற்று நெடுங்காலமாக ஐயமின்றி எடுத்தாளப்பட்டு வருகிறது. பண்டைக் கெல்ட்டிய மக்கள் நவம்பர் முதல் நாளைத் தங்கள் ஆண்டுப்பிறப்பாகக் கொண்டாடினர். சௌவின் எனப்பட்ட அந்நாளில் இறந்தோரின் ஆவிகள் வீடு திரும்பும் என்று நம்பினர். கிறித்துவத் திருச்சபை அவ்விழாவைத் தன்வயப்படுத்திப் புனிதர் அனைவர் திருநாளாக மாற்றியது. இன்றைய ஹாலோவீன் அதன் எச்சமே என்பது அக்கூற்று. இதனுள் நான்கு செய்திகள் அடங்கியுள்ளன. அவை ஒன்றையொன்று தாங்கி நிற்பன போலத் தோன்றினும், ஒவ்வொன்றுக்கும் காட்டப்படும் சான்று வெவ்வேறு காலத்தையும் வெவ்வேறு நிலத்தையும் சார்ந்தது.

இக்கட்டுரை முதல் மூன்று செய்திகளை, சிறப்பாக ஆண்டுப்பிறப்பு என்னும் முதற்செய்தியை, மதிப்பிட முற்படுகிறது. சௌவின் முதலிய நான்கு பருவ நாள்கள் ஐயர்லாந்தின் தொன்மையான வழக்குகள் என்பதில் ஐயமில்லை. ஆனால், அவை எல்லாக் கெல்ட்டியருக்கும் பொதுவான ஒரு நாட்காட்டியின் உறுப்புகள் என்பதும், அந்நாட்காட்டி சௌவினில் தொடங்கியது என்பதும் 19ஆம் நூற்றாண்டின் அறிஞர்கள் கட்டியெழுப்பிய கருதுகோள்களே என்பது இக்கட்டுரையின் வாதமாகும்.

‘கெல்ட்டியர்’ என்னும் சொல்

சான்றுகளை ஆராயுமுன் சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். கிரேக்க, உரோமானிய எழுத்தாளர்கள் ‘கெல்ட்டியர்’ என்று சுட்டியது ஐரோப்பிய நிலப்பரப்பில், முதன்மையாகக் கால் நாட்டில், வாழ்ந்த மக்களையே ஆகும். பிரிட்டன், ஐயர்லாந்துத் தீவுகளில் வாழ்ந்தோரை அவர்கள் அப்பெயரால் குறிப்பிடவில்லை. ஐரிஷ், வெல்ஷ், பிரெட்டன் முதலிய மொழிகள் பண்டைக் கால் மொழியோடு உறவுடையன என்பதை எட்வர்ட் லூயிட் 1707இல் வெளியிட்ட தம் நூலில் நிறுவ முயன்றார். அதன் பின்னரே அம்மொழிகளைப் பேசுவோர் யாவரும் கெல்ட்டியர் எனப்பட்டனர்.

ஆகவே, கெல்ட்டியர் என்பது முதன்மையாக மொழிக்குடும்பம் சார்ந்த பெயர். மொழி உறவு உண்மையானது. எனினும், மொழி உறவு விழா உறவுக்குச் சான்றாகாது. கால் நாட்டில் கிடைத்த ஒரு குறிப்பை, பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்த ஐரிஷ் கதையோடு இணைத்து, அதனை அண்மைக்கால வெல்ஷ் நாட்டார் வழக்கால் நிரப்பிக்கொள்ளும் ஆய்வுமுறை, இச்சொல் தரும் பொய்யான ஒருமையின் விளைவே எனலாம்.

கால் நாட்டுச் சான்றுகள்

கால் மக்களின் காலக்கணிப்பைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் மிகச் சிலவே. அவர்கள் காலத்தைப் பகல்களால் அன்றி இரவுகளால் கணக்கிட்டனர் என்றும், பிறந்தநாள், மாதத் தொடக்கம், ஆண்டுத் தொடக்கம் ஆகியவற்றில் இரவை முன்னும் பகலைப் பின்னுமாக வைத்தனர் என்றும் கி.மு. முதல் நூற்றாண்டில் ஜூலியஸ் சீசர் எழுதினார். கி.பி. முதல் நூற்றாண்டினரான பிளினி, அவர்கள் நிலவின் ஆறாம் நாளில் மாதத்தையும் ஆண்டையும் தொடங்கினர் என்றும், முப்பது ஆண்டுகளை ஓர் ஊழியாகக் கொண்டனர் என்றும் குறிப்பிடுகிறார். ஆண்டு எந்தப் பருவத்தில் தொடங்கியது என்பதை இருவரும் கூறவில்லை. நான்கு பருவ விழாக்களைப் பற்றியும் அவர்களிடம் செய்தி இல்லை.

மூன்றாவது சான்று கொலீனி நாட்காட்டி. பிரான்சு நாட்டின் ஏன் மாவட்டத்திலுள்ள கொலீனியில் 1897இல் கண்டெடுக்கப்பட்ட இவ்வெண்கலப் பட்டயம் இன்று 73 துண்டுகளாக உள்ளது. முழுமையாக இருந்தபோது அதன் அகலம் 1.48 மீட்டர், உயரம் 0.9 மீட்டர். கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் இது, உரோமானிய எழுத்தில் கால் மொழியில் பொறிக்கப்பட்டது. ஐந்தாண்டுச் சுழற்சியில் அறுபது மாதங்களோடு இரண்டு மிகைமாதங்களையும் சேர்த்து 62 மாதங்களை இது காட்டுகிறது. திங்களின் ஓட்டத்தையும் ஞாயிற்றின் ஓட்டத்தையும் பொருத்திச் செல்லும் நுட்பமான கணிப்பு இது என்பதில் ஐயமில்லை.

இதில் முதல் மாதத்தின் பெயர் ‘சமோன்’. அம்மாதத்தில் ‘சமோனின் மூன்றிரவுகள்’ எனப் பொருள்படும் குறிப்பு ஒன்றும் உள்ளது. இதனையும் ஐரிஷ் சௌவினையும் ஒன்றெனக் கொண்டு, ஆண்டுப்பிறப்புக் கருத்துக்கு உறுதி கிடைத்துவிட்டதாக வாதிடுவோர் உளர். இவ்வாதத்தின் வலிமையை மறுக்க வேண்டியதில்லை. இரு சொற்களும் ஒரே வேரைச் சார்ந்தவையாக இருக்கக்கூடும். ஆயினும், ‘சம்’ என்னும் வேர் கோடையைக் குறிப்பது. எனவே சமோன் கோடை மாதமா, கோடை முடிந்தபின் வரும் மாதமா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்தொற்றுமை இல்லை. பட்டயத்தில் எந்த மாதம் உரோமானிய நாட்காட்டியின் எந்த மாதத்திற்கு இணையானது என்பதற்கு நேரடிக் குறிப்பும் இல்லை. சமோன் நவம்பரை ஒட்டியது என்று நிறுவச் சௌவினைத் துணைக்கழைத்து, பின் சௌவின் ஆண்டுப்பிறப்பு என்று நிறுவச் சமோனைத் துணைக்கழைப்பது வட்டவாதமாகவே முடியும்.

ஐரிஷ் நூல்கள் தரும் செய்தி

நான்கு பருவ நாள்களையும் பற்றிய தெளிவான சான்றுகள் ஐயர்லாந்தின் இடைக்கால நூல்களிலேயே கிடைக்கின்றன. இவை கிறித்துவத் துறவியர் எழுதிக் காத்த ஏடுகள். ‘தோக்மார்க் எமிரே’ என்னும் கதையில் எமர் என்பாள் தன்னை மணக்க விரும்பும் கூ குலினிடம் சில அருஞ்செயல்களை வேண்டுகிறாள். அவற்றுள் ஒன்று ஆண்டு முழுவதும் உறங்காதிருத்தல். அவ்வாண்டைச் சௌவின், இம்போல்க், பெல்ட்டனே, ப்ரோன் ட்ரோகன் என்னும் நான்கு நாள்களால் அவள் அளந்து கூறுகிறாள். நான்காவது நாளே லூனசா என்றும் வழங்கும். ஆண்டு பெல்ட்டனே முதல் சௌவின் வரை கோடை என்றும், சௌவின் முதல் பெல்ட்டனே வரை குளிர்காலம் என்றும் இரண்டாகப் பகுக்கப்பட்டிருந்தது என்ற விளக்கமும் அக்கதையிலேயே உள்ளது.

எமரின் வரிசை சௌவினில் தொடங்குவது கருதத்தக்கது. ஆண்டுப்பிறப்புக் கொள்கைக்கு ஐரிஷ் இலக்கியத்திலிருந்து காட்டத்தக்க குறிப்பு இது. ஆனால், சுழன்று வரும் பருவங்களை எண்ணுவோர் எங்கேனும் ஓரிடத்தில் தொடங்கியே ஆக வேண்டும். தொடங்கிய இடம் ஆண்டுப்பிறப்பு என்று கதை கூறவில்லை.

இந்நாள்களின் இயல்பைப் பிற நூல்கள் விளக்குகின்றன. ‘செர்க்லிகே கோன் குலின்’ என்னும் கதையின்படி அல்ஸ்டர் மக்கள் சௌவினுக்கு முன் மூன்று நாளும் பின் மூன்று நாளும் அந்நாளுமாக ஏழு நாள் கூடி, விருந்துண்டு விளையாடி மகிழ்ந்தனர். கி.பி. 908இல் மறைந்த கொர்மக் என்பாரின் பெயரால் வழங்கும் நிகண்டு, பெல்ட்டனே நாளில் இரு தீக்களை மூட்டி, நோய் அணுகாதிருக்க அவற்றினிடையே கால்நடைகளை ஓட்டினர் என்கிறது. அந்நிகண்டு இம்போல்க் என்னும் பெயரைச் செம்மறியாடுகள் பால் சுரக்கும் பருவத்தோடு இணைக்கிறது. இச்சொல்லாராய்ச்சிகளை இன்றைய மொழிநூலார் அப்படியே ஏற்பதில்லை. ஆனால், அவற்றை எழுதியோர் அந்நாள்களை எதனோடு தொடர்புபடுத்தி எண்ணினர் என்பதை அவை காட்டுகின்றன.

இவ்வாறு நோக்கின், ஐரிஷ் பருவ நாள்களின் அடிப்படை கால்நடை வளர்ப்பே என்பது புலனாகும். மே மாதத் தொடக்கத்தில் மந்தைகள் மேட்டு நிலங்களின் கோடை மேய்ச்சலுக்குச் சென்றன. நவம்பர்த் தொடக்கத்தில் அவை தாழ்நிலத்துக்குத் திரும்பின. இடையே பால் சுரப்பின் தொடக்கத்தில் ஒரு நாள், முதல் அறுவடையின் தொடக்கத்தில் ஒரு நாள். ஞாயிற்றின் திருப்பு நாள்களும் பகலிரவு ஒத்த நாள்களும் இவ்வமைப்பில் இடம்பெறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. இன்றும் ஐரிஷ் மொழியில் மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் பெயர்கள் முறையே பெல்ட்டனே, லூனசா, சௌவின் என்பனவே. பிப்ரவரியின் பெயர் மட்டும் இலத்தீனிலிருந்து வந்தது.

வெல்ஷ் வழக்கு இதனின்று வேறுபடுகிறது. அங்கு மே முதல் நாள் ‘கலன் மை’ என்றும், நவம்பர் முதல் நாள் ‘கலன் கயாவ்’ என்றும் வழங்கப்படும். இவற்றிலுள்ள ‘கலன்’ என்பது மாதத்தின் முதல் நாளைக் குறிக்கும் இலத்தீன்ச் சொல்லின் திரிபு. வெல்ஷ் மொழியில் ‘கலன்’ என்று தனித்துக் கூறினால் அது சனவரி முதல் நாளையே குறிக்கும்.

ஜான் ரீசின் கருதுகோள்

ஆக்ஸ்போர்டின் முதல் கெல்ட்டியப் பேராசிரியரான ஜான் ரீஸ் 1886இல் நிகழ்த்தி 1888இல் நூலாக வெளியிட்ட சொற்பொழிவுகளிலேயே சௌவின் கெல்ட்டிய ஆண்டுப்பிறப்பு என்னும் கருத்து வலுவாக முன்வைக்கப்பட்டது. இரவு பகலுக்கு முந்தியது என்னும் சீசரின் குறிப்பிலிருந்து, குளிர்காலம் கோடைக்கு முந்தியது என்றும், ஆதலால் ஆண்டு குளிர்காலத்தில் தொடங்கியது என்றும் முடிவுக்கு வருவது இக்கொள்கையின் முதற்படி. வேல்சு, ஐயர்லாந்து, மான் தீவு ஆகிய இடங்களில் அக்காலத்தே வழங்கிய நவம்பர் இரவுச் சடங்குகளும் குறிபார்த்தலும் அதன் இரண்டாம்படி. மான் தீவில் அவ்விரவைப் புத்தாண்டு இரவு என்று சிலர் குறித்ததும், நிலக்குத்தகையும் பண்ணையாள்களின் பணிக்காலமும் நவம்பரில் புதுப்பிக்கப்பட்டதும் அவருக்குப் பெருந்துணையாயின.

முதற்படி ஓர் ஒப்புமை; நிறுவல் அன்று. நாளை மாலையில் தொடங்கும் இசுலாமிய நாட்காட்டியின் ஆண்டுப்பிறப்பு எந்தப் பருவத்தோடும் பிணைக்கப்படாமல் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னோக்கி நகர்ந்து வருவதை நாம் அறிவோம். நாளின் தொடக்கத்தைக் கொண்டு ஆண்டின் தொடக்கத்தை உய்த்துணர இயலாது. இரண்டாம்படியில், 19ஆம் நூற்றாண்டின் சிறு தீவொன்றின் வழக்கு, ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட முழுக் கெல்ட்டிய உலகிற்கும் விரிக்கப்படுகிறது. குத்தகைக் கணக்கு தொடங்கும் நாள், அறுவடையும் மேய்ச்சலும் முடிந்த ஓய்வு நாளாக இருத்தல் இயல்பே. ரீஸ் பணியாற்றிய ஆக்ஸ்போர்டில் கல்வியாண்டு அக்டோபரில் தொடங்குகிறது. அதனை ஆங்கிலேயரின் ஆண்டுப்பிறப்பு என்று எவரும் கூறார்.

ரீசின் கடின உழைப்பையும் மொழிப்புலமையையும் குறைத்து மதிப்பிடுதல் தகாது. குறை, அவர் ஊகமாக முன்வைத்ததைப் பின்வந்தோர் முடிவாக ஏற்றதில் பெரிதும் உள்ளது.

இறந்தோர் விழாவும் திருச்சபையும்

ரீசின் கருத்தை ஏற்ற ஜேம்ஸ் பிரேசர், சௌவின் இறந்தோருக்குரிய விழா என்னும் கருத்தையும் அதனோடு இணைத்துப் பரப்பினார். நவம்பர் 2ஆம் நாளில் திருச்சபை இறந்த விசுவாசிகளை நினைவுகூர்வதால், அதற்கு முன்னரும் அக்காலம் இறந்தோருக்கு உரியதாக இருந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் அடிப்படை. ஆனால், அந்நினைவுநாள் 10ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் பிரான்சு நாட்டின் குளூனி மடத்தில் அதன் தலைவர் ஒடிலோ நிலைநாட்டிய வழக்கிலிருந்து பரவியது. அதற்கும் ஐயர்லாந்துக்கும் தொடர்பு காட்டப்படவில்லை.

புனிதர் அனைவர் திருநாளின் வரலாறும் எளிதானதன்று. 9ஆம் நூற்றாண்டில் பிராங்கியப் பேரரசில், குறிப்பாகப் பேரரசர் லூயியின் ஆதரவுடன் 835ஐ ஒட்டி, நவம்பர் முதல் நாள் அதற்குரியதாகப் பரவியது. ஆனால், கி.பி. 800ஐ ஒட்டிய ஐரிஷ் திருநாள் பட்டியல்கள் புனிதர் அனைவரின் விழாவை ஏப்ரல் 20இல் குறிக்கின்றன. சௌவினை மறைப்பதற்காகவே இத்திருநாள் நவம்பரில் வைக்கப்பட்டிருப்பின், சௌவின் வழங்கிய நாட்டின் திருச்சபை அன்றோ அதனை முதலில் அந்நாளில் கொண்டாடியிருத்தல் வேண்டும்! ரொனால்ட் ஹட்டன் எடுத்துக்காட்டும் இச்சான்று, திருச்சபை பற்றிய மூன்றாம் செய்தியைப் பெரிதும் வலுவிழக்கச் செய்கிறது.

சௌவின் இரவு அச்சத்துக்குரியது என்பதற்கு ஐரிஷ் கதைகளில் சான்று உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ‘எக்ட்ரா நேராய்’ என்னும் கதையில் அவ்விரவில் தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடல் பேசுகிறது. மாய உலகின் மேடு திறக்கிறது. ஆனால், மாய உலகின் வாயில் திறப்பதும், குடும்பத்தில் இறந்தோர்க்கு வழிபாடு செய்வதும் ஒன்றல்ல. முன்னதற்குச் சான்று உண்டு. பின்னதற்கு அந்நூல்களில் சான்று இல்லை.

எட்டு விழாக்களின் சக்கரம்

நான்கு ஐரிஷ் நாள்களோடு இரு திருப்பு நாள்களையும் இரு ஒத்த நாள்களையும் சேர்த்து எட்டு விழாக்கள் கொண்ட ‘ஆண்டுச்சக்கரம்’ ஒன்று இன்று பண்டைக் கெல்ட்டிய நாட்காட்டியாகப் பரவலாகக் கூறப்படுகிறது. இதன் பிற்பாதிக்கு அடித்தளம் இட்டோருள் ஒருவர் யோலோ மோர்கனக். 1792இல் இலண்டனின் பிரிம்ரோஸ் குன்றில் பாணர் அவையைக் கூட்டிய இவர், திருப்பு நாள்களுக்கும் ஒத்த நாள்களுக்கும் உரியன எனக் காட்டிய வெல்ஷ் பெயர்கள் அவர்தம் புனைவே. எட்டையும் ஒருங்கிணைத்தது 1950களில் ஜெரால்ட் கார்ட்னர், ராஸ் நிக்கல்ஸ் ஆகியோரைச் சூழ்ந்த புதுச்சமயக் குழுக்கள். இலையுதிர்கால ஒத்த நாளுக்கு ‘மாபன்’ என்னும் பெயரை 1970களில் இட்டவர் அமெரிக்கரான எய்டன் கெல்லி.

ஐயர்லாந்தின் நியூகிரேஞ்சுக் கல்லறை குளிர்காலத் திருப்பு நாளின் ஞாயிற்றொளியை உள்வாங்குவதைச் சிலர் இதற்குச் சான்றாகக் காட்டுவர். அக்கட்டடம் ஏறத்தாழ கி.மு. 3200ஐச் சார்ந்தது. கெல்ட்டிய மொழிகள் அத்தீவை அடைந்த காலத்திற்கு மிக முற்பட்ட புதிய கற்கால மக்களின் படைப்பு அது என்பதே பெரும்பான்மை அறிஞர் கருத்து.

மக்நீலும் ஹட்டனும்

மேற்கண்ட மறுப்புகளால் வாய்மொழி வழக்குகள் யாவும் பயனற்றவை எனக் கொள்ளலாகாது. இதற்கு மாய்ரா மக்நீல் 1962இல் வெளியிட்ட லூனசா விழா பற்றிய பெருநூல் சான்றாகும். ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் 1942இல் வினாநிரல் வழித் திரட்டிய செய்திகளை அவர் ஊர் ஊராகத் தொகுத்தார். சூலை இறுதி, ஆகஸ்ட் தொடக்க ஞாயிற்றுக்கிழமைகளில் குன்றுகளிலும் நீர்நிலைகளிலும் மக்கள் கூடிய நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களை வரிசைப்படுத்தி, அவற்றைத் தல புராணங்களோடு ஒப்பிட்டார். சூலையின் கடைசி ஞாயிறன்று குரோக் பேட்ரிக் மலைக்குச் செல்லும் திருப்பயணமும் இவ்வரிசையைச் சார்ந்ததே.

இவ்வழக்குகளில் முதற்பலனாக மக்கள் அகழ்ந்தெடுத்தது பெரும்பாலும் உருளைக்கிழங்கு. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர். லூக் என்னும் தெய்வத்தின் பெயரால் விழா அமைந்த காலத்தே அத்தீவில் இல்லாதது. விழாவின் பருவமும் இடமும் நிலைத்திருக்க, அதன் உள்ளீடு மாறியுள்ளது. பிற்கால வழக்கு எதனைக் காட்டவல்லது, எதனைக் காட்ட இயலாதது என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு அரிது.

1996இல் வெளிவந்த ‘ஸ்டேஷன்ஸ் ஆஃப் தி சன்’ என்னும் நூலில் ஹட்டன், ஒவ்வொரு வழக்கையும் அதன் மிகப்பழைய எழுத்துச் சான்றோடு வைத்து நோக்கினார். மே மாதத் தீ வழக்குகள் கெல்ட்டிய மொழியெல்லையோடு பொருந்தாமல், மேய்ச்சல் நில எல்லையோடு பொருந்துவதையும், வட ஐரோப்பாவின் கெல்ட்டியரல்லாத மக்களிடமும் அவை காணப்படுவதையும் அவர் எடுத்துக்காட்டினார். இனத்தை விடுத்து வாழ்வியலில் விளக்கம் தேடிய இம்முறை பெரும் முன்னேற்றம் எனலாம்.

எனினும், எழுத்துச் சான்றையே அளவுகோலாகக் கொள்வதில் ஒரு வரம்பு உண்டு. தங்கள் மறைகளை எழுதிவைத்தல் தகாது எனத் துருயிதர் கருதியதாகச் சீசரே கூறுகிறார். எழுதா மரபினரிடம் எழுத்தில் இல்லாமை, வழக்கில் இல்லாமையாகாது. ஆயினும், அவ்விடைவெளியை நம் விருப்பம் போல் நிரப்பிக்கொள்ளும் உரிமையை அது தருவதில்லை. ஹட்டனின் கண்டிப்பும் மக்நீலின் நிலஞ்சார்ந்த தொகுப்பும் ஒன்றையொன்று நிறைவு செய்வன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன மூன்று. ஐயர்லாந்தில் இடைக்காலத் தொடக்கத்திலேயே நான்கு பருவ நாள்கள் வழங்கின. அவை கால்நடை, பயிர் ஆகியவற்றின் ஓட்டத்தோடு இயைந்தவை என்பது உறுதி. கால் நாட்டில் நுட்பமான திங்கள்–ஞாயிற்று நாட்காட்டி இருந்தது என்பதும் உறுதி. இவ்விரண்டையும் இணைத்துச் சௌவினை எல்லாக் கெல்ட்டியரின் ஆண்டுப்பிறப்பாகக் கூறுவது ரீசின் ஊகம். அதனை ஊகம் என்றே கூறுதல் வேண்டும். வகுப்பறையில் ஹாலோவீனை விளக்க நேரும் ஆசிரியர் இம்மூன்றையும் பிரித்துரைப்பின், மாணவர் ஒரு விழாவின் கதையோடு சான்றின் தரத்தையும் அறிந்துகொள்வர்.

இம்முடிவு விழாவின் மதிப்பைக் குறைப்பதன்று. ஐயர்லாந்து 2023 முதல் புனித பிரிஜித் நாளைப் பொதுவிடுமுறையாகக் கொண்டாடுகிறது. இம்போல்க் மரபும் அதனோடு சேர்த்தே நினைவுகூரப்படுகிறது. இன்றைய மக்கள் ஒரு நாளுக்குப் பொருள் தருவது அவர்தம் உரிமை. அப்பொருளை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோர் மீது ஏற்றிக் கூறுதல் மட்டுமே ஆய்வாளரின் மறுப்புக்கு உரியது. பொதுமைப்பட்ட ‘கெல்ட்டிய ஆன்மிகம்’ என்னும் திரையை விலக்கினால், குளிர் நெருங்கும் வேளையில் மந்தையை ஓட்டிவந்து, தீவனத்தைக் கணக்கிட்டு, எஞ்சியதைக் கூடி உண்ட ஐரிஷ் மக்கள் தெளிவாகத் தெரிகின்றனர். சான்றுகள் நமக்குக் காட்டுவோர் அவர்களே.